விளக்கெண்ணெயில் திறந்த கண்கள்

"தாத்தா மூஞ்சியில விளக்கெண்ண தடவப் போறேம்மா" என்று நான் சொன்னபோது அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. "இன்னாடி சொன்ன?" என்றாள். திரும்பவும் சொன்னேன். "மூள கீள கொழம்பிப் போச்சா உனக்கு?" என்று கேட்டாள். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. "அப்ப அந்தப் படம் கரையான் தின்ன மூஞ்சியோடவே தொங்கட்டும், போ" என்று கத்திவிட்டேன்.

தாத்தா என்பது அம்மாவைப் பெற்ற அப்பா. எழுபது வருடத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். நான் எண்ணெய் தடவப் போவதாகச் சொன்னது அவருடைய போட்டோவின் நெகடிவுக்கு. அதைச் சொல்லும் விதத்தில் சொல்லியிருக்கலாம். நாற்பத்தாறு வயதாகியும் எனக்கு வாய் முந்தித்தான் வருகிறது.

உழவர்கரையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர் படம் ஒன்றுதான் உண்டு. மார்பு வரைக்கும் இருக்கும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். தலையையும் மோவாயையும் சேர்த்து மப்ளர் சுற்றியிருக்கும். கண்கள் நேராகப் பார்க்கும். எங்கே நின்றாலும் பார்க்கும். அம்மா காலையில் எழுந்ததும் அந்தக் கண்களோடுதான் முதலில் பேசுவாள். கரண்ட் பில், முட்டிவலி, என் புருஷன் என்னை விட்டுவிட்டுப் போனது எல்லாமே அவருக்குத் தெரியும். சாமிக்குக் கூட அவ்வளவு விவரம் தெரிந்திருக்காது.

அவரை அம்மா பார்த்ததே இல்லை. ஆயா வயிற்றில் அம்மா ஏழு மாதமாக இருந்தபோது அவர் போய்விட்டார். ஆயா அம்மாவுக்குச் சொல்லி வளர்த்த கதை இதுதான்: தாத்தா பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகச் சேர்ந்து, சைகோனுக்குக் கப்பலேற இருந்தாராம். திரும்பி வர எத்தனை வருடம் ஆகுமோ, பிறக்கப்போகிற பிள்ளை அப்பன் முகம் தெரியாமல் வளரக் கூடாது என்று போட்டோக்காரரை வீட்டுக்கே வரவழைத்து எடுத்துக்கொண்டாராம். "உன்னப் பாக்கறேன்னு நெனச்சிக்கிட்டுதான் அந்தப் பொட்டியப் பாத்தாரு" என்பாளாம் ஆயா. அடுத்த வாரமே காய்ச்சல் கண்டு போய்விட்டாராம். அம்மாவுக்கு அப்பா என்றால் அந்தப் பார்வைதான். வேறு ஒன்றும் கிடையாது, ஒரு சட்டைகூட.

போன ஐப்பசி மழையில் கூடத்துச் சுவரில் ஓதம் ஏறியது. கரையான் சட்டத்துக்குள் புகுந்து, ஒரு கண்ணையும் பாதிக் கன்னத்தையும் தின்றுவிட்டது. அம்மா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். கேட்டால், "அவரு பாக்கறது போச்சுடி" என்பாள். எழுபது வயதுக் கிழவி குழந்தை மாதிரி அழுவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. "நீ ஸ்டூடியோலதான வேல செய்யற, ஊரான் ஊட்டுப் பொணத்துக்கெல்லாம் படம் போட்டுத் தர, எங்கப்பாவுக்குச் செய்ய மாட்டியா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். சுருக்கென்றது.

நான் பக்கத்திலேயே சாரம் என்ற பகுதியில் ஒரு ஸ்டூடியோவில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோ, விசா போட்டோ, கல்யாண ஆல்பம், அப்புறம் கண்ணீர் அஞ்சலி பேனர். கடைசியில் சொன்னதுதான் அதிகம் வரும். ஆகவே கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டத்தைக் கழற்றினேன். படத்துக்கும் பின்னட்டைக்கும் நடுவே பழைய பிரெஞ்சு நாளிதழில் சுற்றிய ஒரு காகிதம் இருந்தது. அதில் தாத்தா முகம் வெளுப்பாகவும் சட்டை கறுப்பாகவும் இருந்தது. நெகடிவ்! பிலிமில் இல்லை, காகிதத்தில். செலவு குறையட்டும் என்று போட்டோத் தாளிலேயே நெகடிவ் எடுத்து, அதன்மேல் இன்னொரு தாளை அழுத்தி வைத்து வெளிச்சம் காட்டிப் படம் போட்டவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கையில் தொட்டது அதுதான் முதல் தடவை. கரையான் அதைத் தொடவே இல்லை. கையில் வெண்ணெய் இருந்தது, இனி நெய்க்கு என்ன கவலை என்று குதித்தேன்.

மறுநாள் அதை ஸ்டூடியோ ஸ்கேனரில் வைத்தேன். கறுப்பை வெள்ளையாக்கி, வெள்ளையைக் கறுப்பாக்கும் பொத்தானை அழுத்தினேன். தாத்தா திரையில் வந்தார். அதே நாற்காலி, அதே மப்ளர், அதே சட்டைப் பொத்தான்.

கண் மூடியிருந்தது.

இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன. நான் படத்தைப் பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன். மறுபடி ஸ்கேன் செய்தேன். மூன்று தடவை செய்தும் மூடிய கண்கள்தான். சுவரில் எழுபது வருடம் முறைத்துக்கொண்டிருந்தவர் இங்கே கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்! பக்கத்து மேசையில் ஒரு பெண் ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தாள். "இன்னாக்கா, பேயப் பாத்தவ மாதிரி இருக்கீங்க" என்றாள்.

மனது சமாதானம் தேடும் அல்லவா? இரண்டு படம் எடுத்திருப்பார்கள், ஒன்றில் கண் சிமிட்டிவிட்டார், அந்த நெகடிவ்தான் இது என்று வைத்துக்கொண்டேன். ஆனால் சட்டைக் கசங்கல் ஒவ்வொன்றும் சுவர்ப் படத்தில் இருந்த அதே இடத்தில் இருந்தது. மப்ளரின் நூல் பிரிந்த நுனிகூட அதே கோணத்தில்தான் தொங்கியது. உயிருள்ள மனிதர் இரண்டு தடவை அப்படி உட்கார முடியாது. தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முகம் இருக்கும் இடத்தில் பென்சில் அழுக்கு மாதிரி ஏதோ இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தடித்த தாள், நார்தான் தெரிந்தது. ஸ்கேனர் தாளின் மேல்பக்கத்தை மட்டும்தான் பார்க்கும். தாளுக்கு உள்ளே புகுந்து வருகிற வெளிச்சம் என்ன காட்டும் என்று தெரிய வேண்டுமானால் தாள் கண்ணாடி மாதிரி ஆக வேண்டும்.

அதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. பஜ்ஜி வைத்த தாளைப் பார்த்தவர்களுக்கு எல்லாம் தெரிந்ததுதான். எண்ணெய் இறங்கிய இடம் வெளிச்சத்தை விடும். அந்தக் காலத்தில் நெகடிவ் தாளுக்கு மெழுகையோ எண்ணெயையோ ஏற்றித்தான் பளிச்சென்று படம் போட்டிருக்கிறார்கள். இணையத்தில் வெள்ளைக்காரர்கள் இன்றைக்கும் ஆசைக்குச் செய்கிறார்கள். தேன்மெழுகைத் தேய்த்து இஸ்திரிப் பெட்டியால் உருக்குகிறார்கள்.

நேரடியாகத் தாத்தா மேல் கை வைக்க நான் முட்டாளில்லை. டிராயிங் தாளை வாங்கிப் பழகிப் பார்த்தேன். தேன்மெழுகு இல்லை, கரண்ட் போனால் ஏற்றும் மெழுகுவர்த்தி இருந்தது. அதைச் சீவிப் போட்டு இஸ்திரி போட்டேன். சூட்டில் அழகாகத்தான் இறங்கியது. ஆறினதும் தேமல் மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பெட்டியைத் துடைக்க மறந்துவிட்டேன். மறுநாள் அம்மா தன் சுங்குடிப் புடவையைத் தேய்க்க, முந்தானை முழுக்க மெழுகு. அன்றைக்கு நான் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. அடுத்து தேங்காய் எண்ணெய். மார்கழி பிறந்த காலையில் பாட்டிலிலேயே உறைந்து கிடந்தது. தாளில் தடவியதும் பாதி இறங்கி, பாதி மேலேயே பிசுபிசுவென்று நின்றது. கடைசியில் விளக்கெண்ணெய். லேசாகச் சூடு காட்டிப் பஞ்சால் ஒற்றினேன். நிதானமாக, சீராக இறங்கியது. அடியில் வைத்த செய்தித்தாளின் எழுத்தைப் படிக்க முடிந்தது. காயவும் இல்லை, திட்டும் இல்லை. சரி, இதுதான் என்று முடிவு கட்டினேன்.

அதற்கு அப்புறம்தான் அம்மாவிடம் அந்த அழகான வாக்கியத்தைச் சொன்னது. கண் மூடிய விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. ஒருவாறு தணிந்து, "பாத்துச் செய்யிடி. அவரு கண்ணு முக்கியம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடத்து ஜன்னல்களை அடைத்தேன். சட்டத்துக் கண்ணாடியை இரண்டு ஸ்டூல்களுக்குக் குறுக்கே போட்டு, அடியில் ஒரு எல்ஈடி விளக்கை வைத்தேன். தாளைக் கவிழ்த்து, பின்பக்கத்தில் முகம் இருந்த இடத்துக்கு மட்டும் எண்ணெய் ஒற்றினேன். முழுக்கத் தடவத் தைரியம் வரவில்லை. அப்புறம் நிமிர்த்திக் கண்ணாடிமேல் போட்டேன். நெகடிவ் ஆயிற்றே, வெறும் கண்ணுக்கு ஒன்றும் புரியாது. கைப்பேசியில் நிறத்தைத் தலைகீழாகக் காட்டும் வசதியைப் போட்டு, கேமராவை மேலே பிடித்தேன். திரையில் தாத்தா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

எண்ணெய் இறங்க இறங்க, அவர் கண்ணைத் திறந்தார்.

இதை நான் எப்படிச் சொல்வது! கொஞ்சம் கொஞ்சமாக, இமைக்கு நடுவே வெள்ளை எழும்பியது. முதலில் இடது கண், எண்ணெய் அங்கேதான் அதிகம். பிறகு வலது கண். ஐந்து நிமிடத்துக்குள் என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பேசி நழுவிக் கண்ணாடிமேல் விழப் பார்த்தது.

அடுத்த நிமிடம் எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமல் எப்படி இருக்கும், அது என் தொழிலாயிற்றே! ஐஸ்பெட்டியில் கிடத்திய உடலைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு வந்து, "வேற படமே இல்லம்மா, கண்ண மட்டும் தொறந்து குடு" என்று நிற்பவர்களை மாதத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். எவனுடைய கண்ணையோ வெட்டி ஒட்டித் திறந்து கொடுப்பேன். அதையே அந்தப் போட்டோக்காரர் பென்சிலால் செய்திருக்கிறார். நெகடிவில் எங்கே பென்சில் படுகிறதோ அங்கே வெளிச்சம் தடைபடும், படத்தில் அது வெள்ளையாக விழும். தாளின் பின்பக்கத்தில், இமைக்கு நேராக, விழிவெள்ளையை மட்டும் தீட்டிவிட்டு நடுவில் வட்டமாக விட்டுவிட்டார். கருவிழிக்கு அவர் எதுவுமே செய்யவில்லை. அது தாத்தாவின் மூடிய இமைத்தோல். எழுபது வருடமாக அம்மா பார்த்துப் பேசிய கறுப்பு, செத்தவரின் இமை.

மப்ளரும் அப்போதுதான் புரிந்தது. எங்கள் ஊர் வெயிலில் எவன் மோவாயைச் சேர்த்து மப்ளர் கட்டுவான்? வாய் திறந்துகொள்ளாமல் இருக்கக் கட்டிய கட்டு அது. அடக் கடவுளே, தினம் தினம் பார்த்தேனே! பதினெட்டு வருடம் பிணங்களின் படத்தோடு குப்பை கொட்டியவளுக்கு, சொந்த வீட்டுச் சுவரில் இருந்தது தெரியவில்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ஆயாவின் புளுகு எழுபது வருடம் ஓடியிருக்கிறது.

"தொறந்துட்டாரு பாரு! பாக்கறாரு பாரு!"

அம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்றே தெரியாது. கைப்பேசித் திரையில் தெரிந்த கண்களைப் பார்த்துவிட்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "எங்கப்பா வந்துட்டாருடி" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் திரும்பவில்லை. திரும்பினால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அப்படியே விட்டிருக்கலாம், அந்தப் படத்தையே போட்டுக் கொடுத்து மாட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் சில நாள் நினைக்கிறேன். ஆனால் அவள் குனிந்து, "எண்ண எறங்கறதுக்கு முன்னால மூடிகினு இருந்தாரு, நான் பாத்தனே. அது எப்படிடி?" என்று கேட்டாள். ஆரம்பத்திலிருந்தே நின்றிருக்கிறாள்.

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

"அம்மா, அது பென்சிலு" என்றேன். "கண்ணு வரைஞ்சிருக்காங்க. நெஜக் கண்ணு மூடித்தான் இருக்குது."

"தூங்கும்போது எடுத்தாங்களா?"

அவள் மப்ளரைப் பார்த்தாள். என் கையில் இருந்த கைப்பேசியைப் பிடுங்கி, தானே தாளுக்கு மேல் பிடித்துப் பார்த்தாள். மோவாய்க்கு, கண்ணுக்கு, மறுபடி மோவாய்க்கு. அவள் எத்தனை சாவுக்குப் போய் வந்தவள், அவளுக்கு நான் விளக்க வேண்டுமா?

"அடிப்பாவி" என்றாள். ஆயாவைத்தான் சொன்னாள். "அடிப்பாவி மவளே! என்னப் பாக்கறாருன்னு சொன்னியே! பொணத்த உக்கார வெச்சி எடுத்துட்டு, எனக்காவ எடுத்தாருன்னு சொன்னியே!" கைப்பேசியை ஸ்டூலில் ஓங்கி வைத்தாள். மூச்சு இரைத்தது. நான் எழுந்து பிடிக்கப் போனேன். "தொடாத" என்றாள். "அப்ப அவரு என்ன ஒருநாள்கூடப் பாக்கலடி. ஒருநாள்கூட. எல்லாக் கதையும் அந்தப் பென்சிலுகிட்டதான் சொல்லிகினு இருந்தனா?"

நான் அழுதுவிட்டேன். சமாதானம் சொல்லும் சாமர்த்தியம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. "ஆயாவும் இன்னா பண்ணும்மா, வயித்துல புள்ளையோட, வேற படமே இல்லாம" என்று ஏதோ உளறினேன். அம்மா காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் தக்காளி விலை சொல்லிக்கொண்டே இரண்டு தடவை போய் வந்துவிட்டார்.

அப்புறம் அவள் கேட்டாள்.

"தலையில எண்ண வெச்சியா?"

"இல்லம்மா. முகத்துக்கு மட்டுந்தான்."

"கிண்ணத்தக் குடு."

என்ன செய்யப் போகிறாள் என்று புரியாமல் கொடுத்தேன். தாளைக் கிழித்துவிடுவாளோ என்று பயந்தேன். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கையைத் திருப்பி, புறங்கையை எண்ணெயில் தொட்டு, தாளில் தாத்தாவின் தலை இருந்த இடத்தில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி தொட்டு வைத்தாள். மூன்று தடவை.

எங்களில் பிணத்தைக் குளிப்பாட்டும் முன் பெற்ற பிள்ளைகளும் உறவுகளும் அப்படித்தான் எண்ணெய் வைப்பார்கள். உள்ளங்கையால் வைக்கக் கூடாது, புறங்கைதான். எத்தனையோ பேருக்கு அம்மா வைத்திருக்கிறாள், ஆயாவுக்கு வைத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அவள் அப்பனுக்கு மட்டும் வைக்கவில்லை, அவள்தான் பிறக்கவே இல்லையே. தாளில் எண்ணெய் இறங்கி, தலை இருந்த இடம் வெளிச்சமாயிற்று. அம்மா இரண்டு கையையும் தரையில் அறைந்து, "அப்பா" என்று குரலெடுத்து அழுதாள். எழவு வீட்டு அழுகை. வாசற்கதவைத் திறந்தால், பக்கத்து வீட்டு அம்மாள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னாச்சு, இன்னாச்சு?" என்று கேட்டாள். நான் கையை ஆட்டி உள்ளே போகச் சொன்னேன்.

அழுது முடித்ததும் எழுந்து குளியலறைக்குப் போனாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது, ஒரு சொம்பு, இன்னொரு சொம்பு, நிறுத்தாமல். மார்கழிக் குளிர், அவளுக்கு மூச்சுத் தொந்தரவு வேறு. கதவைத் தட்டினேன். "சும்மா இரு" என்றாள் உள்ளேயிருந்து. ஈரத் தலையோடு வந்து நின்றவளிடம், திறந்த கண்ணா, மூடிய கண்ணா, எதை வைத்துப் படம் போடட்டும் என்று மெல்லக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அதெல்லாம் பதினாறு முடியட்டும்" என்றாள். "இன்னிக்கு அடுப்பு பத்த வெக்காத. வெளிய எதனா வாங்கிகினு வா."

நான் பையை எடுத்துக்கொண்டு தெருமுனை ஓட்டலுக்குப் போனேன். ஓட்டல்காரர் எங்களுக்குப் பல வருடப் பழக்கம். சாப்பாடு இரண்டு கட்டச் சொன்னேன். "இன்னாக்கா, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா வீட்டுல சமைக்கலியா?" என்றார்.

"சாவுப்பா. அடுப்பு பத்த வெக்கக் கூடாது."

"ஐயையோ! யாருக்கா? ஒரு பந்தல்கூடப் போடக் காணமே."

"எங்கம்மாவோட அப்பா."

"அடடா" என்று நெஞ்சில் கை வைத்தார். "உங்கம்மாவுக்கே எழுவது இருக்குமே. பெரிய உசுரு. நல்லா வாழ்ந்த கட்டைதான். வயசு இன்னா இருக்கும்க்கா?"

"இருபத்தாறு" என்றேன்.

சாம்பார் பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தவர், நூலைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.